மில் போனது, கோயில் நின்றது: மென்டசினோவின் பலகைத் தேவாலயம்

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கடலோரச் சாலையில் வடக்கே 250 கிலோமீட்டர் போனால் பிக் ரிவர் என்ற ஆறு பசிபிக் கடலில் விழும் இடம் வரும். பாலத்தின் மேல் ஏறும்போதே எதிர்க்கரையில், செங்குத்தான பாறை மேட்டின் மீது, மரவீடுகளுக்கு நடுவே கூர்மையான ஒரு கோபுரம் தெரியும். ஊரின் பெயர் மென்டசினோ. கோபுரம் அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவுகளில் ஒன்று) தேவாலயத்தினுடையது. சபை அமைந்த நாள் 1859 நவம்பர் 6. கட்டடத்தைப் பிரதிஷ்டை செய்த நாள் 1868 ஜூலை 5. இரண்டுமே ஞாயிற்றுக்கிழமைகள். கலிஃபோர்னியா மாநிலம் இதை 714-ஆம் எண் வரலாற்றுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. அந்த மாநிலத்தில் இடைவிடாமல் வழிபாடு நடந்துவரும் மிகப் பழைய புராட்டஸ்டன்ட் ஆலயங்களில் இதுவும் ஒன்று.

சுற்றுலாக் கையேடுகள் இந்த அளவோடு நிறுத்திக்கொள்ளும். அழகான பழைய சர்ச், அடித்தளத்திலிருந்து கோபுரம் வரை ரெட்வுட் மரம், படம் எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். ஆனால் மரம் அறுக்கும் ஊர் ஒன்றில் தேவாலயம் எப்போது வருகிறது, எங்கே வருகிறது, யார் காசில் வருகிறது என்று கேட்க ஆரம்பித்தால் விஷயம் சுவாரசியமாகிறது. அமெரிக்காவின் மரக்காடுகளில் பெரும்பாலான இடங்களில் தேவாலயம் வரவே இல்லை. வந்த பலவும் மரம் அறுக்கும் மில்லோடு சேர்ந்து போயின. மென்டசினோவில் 9 ஆண்டுகள் தாமதித்து வந்தது, பிறகு மில்லே போன பின்னும் நின்றது. காரணத்தைப் பக்தியில் தேடுவதைவிட மரத்தை எப்படி ஆற்றில் இறக்கினார்கள், நிலம் யார் பெயரில் இருந்தது என்பவற்றில் தேடுவதே பலன் தரும் என்பது என் எண்ணம்.

கதை ஒரு கப்பல் விபத்தில் தொடங்குகிறது. 1850 ஜூலையில் ஃப்ராலிக் என்ற பாய்மரக் கப்பல் மென்டசினோவுக்குச் சற்று வடக்கே பாறையில் மோதியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் பம்பாயிலிருந்து சீனாவுக்கு அபினி கொண்டுபோய்க்கொண்டிருந்த கப்பல் அது. நீராவிக் கப்பல்கள் வந்து அந்தத் தொழிலில் வேகம் காட்டவே, ஃப்ராலிக்கை வேறு பக்கம் திருப்பினார்கள். தங்கவேட்டையில் கொழித்துக்கொண்டிருந்த சான் பிரான்சிஸ்கோவுக்குச் சீனப் பீங்கான், பட்டு, மரச்சாமான், பீர் என்று ஏற்றிக்கொண்டு வந்தபோதுதான் மோதல். ஹென்றி மெய்க்ஸ் என்ற நகரத்துத் தொழிலதிபர், கரையில் ஒதுங்கிய சரக்கில் எதையாவது மீட்க முடியுமா என்று பார்த்துவர ஜெரோம் ஃபோர்டை 1851-ல் அனுப்பினார். ஃபோர்டு வந்து சேர்வதற்குள் அந்தக் கரையின் மக்களான போமோ இனத்தவர் எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டிருந்தார்கள். 1980களில் கரையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு போமோ குடியிருப்பை அகழ்ந்த ஆய்வாளர்களுக்கு அந்தச் சீனப் பீங்கானின் சில்லுகள் கிடைத்தன. கப்பலின் முழுக்கதையும் வெளியே வந்தது அந்தச் சில்லுகளைப் பிடித்துக்கொண்டு போனதால்தான்.

ஃபோர்டு வெறுங்கையோடு திரும்பினார், ஆனால் பார்த்த மரங்களைப் பற்றிச் சொன்னார். சான் பிரான்சிஸ்கோ 1849 டிசம்பருக்கும் 1851 ஜூனுக்கும் இடையே ஆறு பெருந்தீக்களைக் கண்ட ஊர். ஒவ்வொரு தடவையும் எரிந்தது மரம், திரும்பக் கட்டியதும் மரத்தால். பலகை விலை எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மெய்க்ஸ் உடனே காரியத்தில் இறங்கினார். 1852-ல் ஒண்டாரியோ என்ற கப்பலில் அறுவை இயந்திரங்கள் பிக் ரிவர் முகத்துக்கு வந்து இறங்கின. ஊருக்கு அப்போது மெய்க்ஸ்வில் என்றுகூட ஒரு பெயர் இருந்தது.

மெய்க்ஸுக்கு அந்தப் பெருமை நீண்ட நாள் நிலைக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோ நகராட்சியின் கடன் பத்திரங்களைப் போலியாகத் தயாரித்து அடகு வைத்துப் பணம் புரட்டியவர், 1854 அக்டோபரில் குடும்பத்தோடு கப்பலேறித் தென்னமெரிக்காவுக்கு ஓடிவிட்டார். சிலியிலும் பெருவிலும் மலை ரயில்பாதைகள் போட்டுப் பெரிய மனிதராகி 1877-ல் லிமாவில் இறந்தது தனிக்கதை. மென்டசினோவுக்கு முக்கியம் அவர் விட்டுப்போனது. முதலாளி ஓடிப்போன பிறகும் மில் நிற்கவில்லை. ஜெரோம் ஃபோர்டும் எட்வர்ட்ஸ் வில்லியம்ஸும் தாக்குப்பிடித்து நடத்தினார்கள். ஃபோர்டு 1854-ல் மேட்டின் மீது ஒரு வீடு கட்டி, கிழக்கே போய்த் திருமணம் செய்துகொண்டு மனைவியோடு திரும்பி வந்தார். அந்த வீடு இன்றும் இருக்கிறது. கரை ஒதுங்கிய பட்டுச் சரக்கைத் தேடி வந்த மனிதர் அங்கேயே குடித்தனம் போட்டுவிட்டார்.

இந்தக் குடித்தனம் தேவாலயக் கதைக்கு அடிப்படை. மரத்தொழிலில் இரண்டு விதமான குடியிருப்புகள் உண்டு. ஒன்று வெட்டுமுகாம். மரம் நிற்கும் இடத்தில் கொட்டகை போட்டு, ஐம்பது நூறு ஆண்களைக் கூட்டி, அந்தச் சரிவில் மரம் தீர்ந்ததும் கொட்டகையைக் கலைத்து அடுத்த சரிவுக்குப் போவது. மற்றொன்று மில் ஊர். மரம் வந்து சேரும் இடம் அது. அறுப்பு இயந்திரம், கொதிகலன், பலகை அடுக்கும் களம், கப்பலில் ஏற்றும் துறை என்று இடம்பெயர முடியாத முதலீடு அங்கே இருக்கும். முகாமில் கல்லறைகூட அபூர்வம். மில் ஊரில் பள்ளிக்கூடம், கடை, தேவாலயம், கல்லறை நான்கும் வரும். கம்பெனி எவ்வளவு காலம் இருக்கப்போகிறது என்பதை அதன் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம், ஊரில் கோயில் எழும்புகிறதா என்று பார்த்தால் போதும்.

மின்னசோட்டா, விஸ்கான்சின் போன்ற வடகாடுகளில் நடந்தது முதல் வகை. அங்கே பனிக்காலத்தில் வெட்டு, வசந்தத்தில் ஆற்றில் கட்டைகளை மிதக்கவிடுவது, அதன்பின் ஆட்கள் சிதறிவிடுவது வழக்கம். அந்த ஆட்களுக்குக் கட்டடம் கட்டி என்ன பயன்? எனவே சபைகள் போதகரையே நடக்கவிட்டன. ஃப்ராங்க் ஹிக்கின்ஸ் என்ற பிரஸ்பிட்டேரியன் போதகர் 1890களிலிருந்து 1915-ல் இறக்கும்வரை மின்னசோட்டா முகாம்களைச் சுற்றினார். முதுகில் மூட்டை, மூட்டையில் பத்திரிகைகளும் வேத நூல்களும், முகாமுக்கு முகாம் பனியில் நடை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு பீப்பாயைக் கவிழ்த்து அதையே பிரசங்க மேடையாக்கிக்கொள்வார். இப்படிப்பட்டவர்களை மரவெட்டிகள் 'வானத்து மாலுமி' என்று கேலியும் பாசமும் கலந்து அழைத்தார்கள். ரயில் போன இடங்களுக்குத் தேவாலயமே சக்கரத்தில் போனது. பாப்டிஸ்டுகள் 1891-ல் 'எவாஞ்சல்' என்ற ரயில்பெட்டியில் தொடங்கி மொத்தம் ஏழு ஆலயப் பெட்டிகளை ஓடவிட்டார்கள். உள்ளே இருக்கைகள், ஆர்கன், ஒரு மூலையில் போதகர் குடும்பத்துக்கான அறை. மரம் வெட்டும் ஊர், சுரங்க ஊர், ரயில்வே ஊர் என்று எங்கே ஆட்கள் இருந்தார்களோ அங்கே பக்கத்துத் தண்டவாளத்தில் நிறுத்தி ஆராதனை நடத்துவார்கள். கத்தோலிக்கர்களும் பின்னால் மூன்று பெட்டிகள் விட்டார்கள்.

மென்டசினோவுக்கு இதெல்லாம் தேவைப்படாமல் போனதற்குக் காரணம் ஆறுதான். பிக் ரிவர் பெரிய நீர்ப்பிடிப்புப் பகுதி கொண்டது. எந்தப் பள்ளத்தாக்கில் வெட்டினாலும் கட்டை ஒரே வாய்க்குத்தான் வந்தாக வேண்டும். முகாம் மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது, மில் கீழே ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதுவும் முதலில் மேட்டின் மீது இருந்த மில்லைச் சில ஆண்டுகளில் ஆற்றங்கரைச் சமவெளிக்கு இறக்கிவிட்டார்கள்.

கட்டையை இறக்கிய விதத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ரெட்வுட் சாதாரண மரம் இல்லை. உலகிலேயே உயரமான மரவகை, 100 மீட்டரைத் தாண்டுபவை உண்டு, அடிமரம் ஒரு சிறு வீட்டின் அகலம் இருக்கும். கோடரியால் வெட்டிச் சாய்ப்பதற்கே ஆட்களுக்கு நாள்கணக்கில் ஆகும். துண்டாக்கிய கட்டைகளை எருதுகள் பூட்டி, குறுக்கே மரத்துண்டுகள் பதித்த பாதையில், தண்ணீர் ஊற்றி வழுக்கவிட்டு ஆற்றுப்படுகைக்கு இழுத்து வந்தார்கள். அங்கே கோடைமுழுக்கக் கட்டைகள் காய்ந்த படுகையில் கிடக்கும். மேலே கிளையாறுகளில் மரத்தாலேயே கட்டிய அணைகளில் தண்ணீர் தேங்கும். பிக் ரிவர் அமைப்பில் மட்டும் இப்படி 20-க்கும் மேற்பட்ட அணைகள் பல்வேறு காலங்களில் இருந்தன. மழைக்காலம் வந்து ஆறு பெருகும் நேரம் பார்த்து அணைக் கதவுகளைத் திறந்துவிடுவார்கள். ஓரணை நீர் கீழணைக்கு வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டும். சேர்ந்த வெள்ளம் ஆயிரக்கணக்கான கட்டைகளை ஒரே உந்தலில் கீழே தள்ளும். கடலின் ஏற்றவற்றம் ஆற்றுக்குள் 13 கிலோமீட்டர் தூரம் வரை எட்டும் அந்த அமைதியான நீரில் கட்டைகளைத் தடுத்து நிறுத்தி, மில்லுக்குத் தேவையானதைத் தேவையானபோது இழுத்துக்கொள்வார்கள். ஆற்றுப்படுகைக்கும் அதிலிருந்த சால்மன் மீனுக்கும் இது என்ன செய்தது என்பதை ஊகிப்பது கடினமல்ல. பாதிப்பு இன்றும் முழுதாகத் தீரவில்லை.

அறுத்த பலகையைக் கப்பலில் ஏற்றுவதும் வித்தைதான். அந்தக் கரையில் ஒழுங்கான துறைமுகம் கிடையாது. பாறைகளுக்கு நடுவே சிறிய பாய்மரக் கப்பல்கள் நங்கூரமிட்டு ஆடிக்கொண்டிருக்கும். மேட்டின் விளிம்பிலிருந்து நீட்டிய சரிவுப் பலகையில் மரத்தைச் சறுக்கவிட்டுக் கப்பல் தளத்தில் பிடிப்பார்கள். பிடிக்கத் தவறினால் கை போகும், கால் போகும், சில சமயம் கப்பலே பாறையில் போகும். இவ்வளவு ஆபத்தான துறைக்கு மேலே, அதே மேட்டில்தான் தேவாலயம் நிற்கிறது. கரையில் இருப்பவர்களைவிடக் கடலில் வருபவர்களுக்கு அந்தக் கோபுரம் அதிகம் பயன்பட்டிருக்கும்.

சரி, சபை 1859-ல் அமைந்தது, கட்டடத்துக்கு 1868 வரை ஏன் காத்திருந்தார்கள்? கைக்கெட்டும் தூரத்தில் மில், வேண்டிய மரம், தச்சர்கள் எல்லாம் இருந்தபோது? பிரஸ்பிட்டேரியன் முறையில் சபை என்பது கட்டடமோ போதகரோ இல்லை. உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் மூப்பர்களின் குழுதான் சபையை ஆளும். தமிழ்நாட்டில் தென்னிந்தியத் திருச்சபையின் ஆட்களுக்கு இது ஓரளவு பழக்கமானது, 1947-ல் ஒன்றான அந்தத் திருச்சபைக்குள் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் மரபுகளோடு பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளும் கலந்திருக்கின்றன. மேலிருந்து ஒரு பிஷப் இடம் பார்த்துக் கோயில் கட்டித் தரும் முறை பிரஸ்பிட்டேரியன்களிடம் கிடையாது. ஊரில் நிலையாகத் தங்கக்கூடிய, மூப்பராக நிற்கக்கூடிய, மாதாமாதம் காணிக்கை கொடுக்கக்கூடிய குடும்பங்கள் போதுமான அளவு சேர்ந்தாக வேண்டும். ஆண்களே நிறைந்த ஊரில் அது நடக்கச் சில காலம் பிடிக்கும். மில்லும் 1860களில் ஒரு தீயைச் சந்தித்து மீண்டது. அதன்பின் ஊர் நிமிர்ந்தது, ஃப்ரீமேசன் என்ற சகோதரச் சங்கத்தின் மண்டபம் எழும்பத் தொடங்கியது, தேவாலயமும் எழும்பியது.

பிரதிஷ்டை நாளைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு கணக்கு இருந்திருக்கலாம். 1868 ஜூலை 4 சனிக்கிழமை, அமெரிக்க சுதந்திர தினம். ஆறு நாள் வேலை, நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உழைப்பு என்றிருந்த தொழிலில் ஜூலை 4 பெரிய விடுமுறை. மேலே முகாம்களில் இருப்பவர்களும் கீழே ஊருக்கு இறங்கி வரும் நாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பிரதிஷ்டை வைத்தால் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. முந்தைய இரவின் மயக்கம் தெளிந்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. அந்தக் காலத்தில் ஊரில் மதுக்கடைகள் தேவாலயங்களைவிட அதிகம்.

கட்டடத்தை வடிவமைத்தது உள்ளூர்த் தச்சர் அல்ல, சான் பிரான்சிஸ்கோவின் எஸ். சி. பக்பீ நிறுவனம். பின்னாளில் நாப் ஹில் குன்றின் மீது லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு, சார்லஸ் குரோக்கர் ஆகிய ரயில்வே கோடீஸ்வரர்களுக்கு மாளிகைகள் வடிவமைத்த அதே நிறுவனம். காட்டோர மில் ஊரின் சிறு சபைக்கு இவ்வளவு பெரிய இடத்திலிருந்து வரைபடம் வந்தது என்றால், மில் முதலாளிகளுக்கு நகரத்தில் இருந்த தொடர்புதான் காரணமாக இருக்க வேண்டும். பலகை போன கப்பல்கள் திரும்பும்போது எல்லாவற்றையும் கொண்டு வந்தன, ரசனையையும் சேர்த்து. அந்த மாளிகைகள் 1906 பூகம்பத்தைத் தொடர்ந்த தீயில் சாம்பலாயின. மென்டசினோ ஆலயம் நிற்கிறது.

பாணி காத்திக். கூர்முனை வளைவுச் சன்னல்கள், செங்குத்தான கூரை, ஊசிக் கோபுரம். ஐரோப்பாவில் இவையெல்லாம் கல்லில் பிறந்தவை. கூர்வளைவு கல்லின் எடையைக் கீழே கடத்துவதற்காக வந்தது, பலகைக்கு அந்த அவசியமே இல்லை. ஆனாலும் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் நாட்டுப்புறத் தச்சர்கள் மரத்திலேயே காத்திக் செய்தார்கள், ஏனென்றால் செய்ய முடிந்தது. நீராவி ரம்பம் ஒரே அளவான மெல்லிய சட்டங்களை மலிவாகத் தந்தது, தொழிற்சாலை ஆணி மலிவாகக் கிடைத்தது. பழையபடி பெரிய உத்திரங்களைக் கொத்திப் பொருத்தத் தெரிந்த கைவினைஞர் தேவையில்லாமல், மெல்லிய சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி ஆணியடித்து ஒரு கூட்டை எழுப்பிவிடலாம். அலங்கார வளைவை ரம்பமே வெட்டிக்கொடுக்கும். 'தச்சர் காத்திக்' என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது. மில் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பாணி இல்லை. தன் சரக்கு எதற்கெல்லாம் உதவும் என்று காட்டிக்கொள்ள மில்லுக்கு இது ஒரு காட்சிக்கூடம் மாதிரி.

ரெட்வுட்டின் குணமும் கைகொடுத்தது. வயிரப்பகுதியில் உள்ள டானின் முதலான பொருள்களால் கரையானும் பூஞ்சையும் எளிதில் அண்டாது. பிசின் குறைவு. ஆண்டில் பாதி நாள் மூடுபனியில் நனையும் கடற்கரையில் ஒரு மரக்கட்டடம் 150 ஆண்டுகளைத் தாண்டுவது இதனால்தான். பைன் மரத்தில் கட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் வந்திருக்காது.

இனி உள்ளே உட்காராதவர்களைப் பற்றி. ஆலயம் நிற்கும் மேட்டுக்குப் பக்கத்தில், ஆற்றின் முகத்தில், போமோ மக்களின் ஊர் ஒன்று இருந்தது. 1856-ல் அரசு வடக்கே நோயோ ஆற்றை ஒட்டி மென்டசினோ ஒதுக்கிடம் என்று ஒன்றை அமைத்து, பல பகுதிகளிலிருந்து பூர்வகுடிகளை அங்கே கொண்டுபோய் அடைத்தது. அடுத்த ஆண்டு அவர்களைக் கண்காணிக்க ஒரு ராணுவ முகாம் வந்தது, இன்றைய ஃபோர்ட் பிராக் நகரத்தின் பெயர் அதிலிருந்துதான் வந்தது. 1866-ல் ஒதுக்கிடத்தையும் மூடிவிட்டு மக்களை மலைக்கு அப்பால் ரவுண்ட் வேலி என்ற இன்னொரு ஒதுக்கிடத்துக்கு அனுப்பினார்கள். பின்னர் நிலத்தை விற்பனைக்குத் திறந்துவிட்டார்கள். தேவாலயப் பிரதிஷ்டை ஒதுக்கிடம் மூடி இரண்டு ஆண்டுகள் கழித்து. மூப்பர்கள் இதற்கு நேரடிப் பொறுப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'நிலையாகக் குடியேறுவது' என்று நான் மேலே எழுதிய சொல்லுக்கு இன்னொரு பக்கமும் உண்டு, இன்னொரு கூட்டம் நிலைபெயர்ந்த பிறகுதான் அது சாத்தியமானது.

சீனர்கள் வேறொரு கோயில் கட்டினார்கள். தேவாலயத்திலிருந்து சில நிமிட நடையில், ஆல்பியன் தெருவில், குவான் தாய் கோயில் இருக்கிறது. சிவப்பு வண்ணம் பூசிய ஒற்றை அறை. 1850களிலேயே கட்டியது என்று சொல்வோரும் உண்டு, 1860கள் என்போரும் உண்டு. எப்படியானாலும் கலிஃபோர்னியாவின் மிகப் பழைய சீனக் கோயில்களில் ஒன்று, அதுவும் மாநிலச் சின்னம்தான். முகாம் சமையல், துணி வெளுப்பு, காய்கறித் தோட்டம் என்று அந்தத் தொழிலின் அடித்தட்டு வேலைகள் சீனர்களிடம் இருந்தன. அவர்களுடைய தெய்வத்துக்கும் அதே ரெட்வுட் பலகைதான். அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்த போர்ச்சுகீசியருக்குக் கத்தோலிக்கக் கோயில், பாப்டிஸ்டுகளுக்குத் தனியாக ஒன்று. மில் முதலாளியின் சபையில் மில்லின் நிர்வாகிகளும் கடைக்காரர்களும் நியூ இங்கிலாந்திலிருந்தும் கிழக்குக் கனடாவிலிருந்தும் வந்த தொழில் தெரிந்தவர்களும் பெரும்பாலும் இருந்திருப்பார்கள். மேலே ஆற்றில் வெள்ளம் திறந்துவிட்டவர்களில் பெரும்பாலோர் அந்தப் பலகைகளை அறுக்கக் கட்டை அனுப்பினார்கள், உட்கார வரவில்லை. மில் ஊர்த் தேவாலயங்களின் வரலாற்றை எழுதும்போது 'சமூகமே சேர்ந்து கட்டியது' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்த 'சமூகத்தை' எண்ணிப் பார்த்துவிட்டு எழுதினால் நல்லது.

இதே காலத்து இன்னொரு மில் ஊரை ஒப்பிட்டுப் பார்த்தால் மென்டசினோவின் தனித்தன்மை தெளிவாகும். வாஷிங்டன் மாநிலத்தில், பியூஜெட் சவுண்ட் நீர்ப்பரப்பின் ஓரம், போர்ட் கேம்பிள் என்ற ஊர். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெயின் மாநிலத்து ஈஸ்ட் மாக்கியஸ் என்ற சிற்றூர்க்காரர்களான ஆண்ட்ரூ போப், வில்லியம் டால்பட் ஆகியோரின் கம்பெனி 1853-ல் அங்கே மில் தொடங்கியது. ஊர் முழுக்கக் கம்பெனியுடையது. வீடு, கடை, தெரு, மரம் எல்லாம். வேலையாட்களைச் சொந்த ஊரிலிருந்தே வரவழைத்தார்கள், வீடுகளையும் அந்த ஊர் மாதிரியே கட்டினார்கள். 1870களில் எழும்பிய செயின்ட் பால் ஆலயம் ஈஸ்ட் மாக்கியஸின் காங்கிரிகேஷனல் ஆலயத்தைப் பார்த்துக் கட்டியது. ஐந்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்தவர்களுக்குச் சொந்த ஊர்க் கோபுரம் கண்ணில் பட வேண்டும் என்று கம்பெனி நினைத்தது. நல்லெண்ணம்தான், கூடவே ஆட்கள் ஊர் திரும்பாமல் இருக்க ஒரு வழியும்கூட. அங்கே இருந்த ஸ்க்லாலம் பூர்வகுடிகள் மட்டும் விரிகுடாவின் எதிர்க்கரைக்கு இடம் மாற வேண்டியிருந்தது. அந்த மில் 1995 வரை ஓடியது, 142 ஆண்டுகள். கம்பெனி ஊராகவே இருந்ததால் கட்டடங்கள் பிழைத்தன, ஒரே கை பராமரித்தது. ஆனால் அந்த ஆலயத்தின் ஆயுள் கம்பெனியின் தயவில் இருந்தது.

மென்டசினோ அப்படிப்பட்ட கம்பெனி ஊர் இல்லை. மில் ஆற்றங்கரையில் இருந்தது, மேட்டு நிலத்தில் பெரும்பகுதி தனியார் கைகளில். பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்து வந்த வில்லியம் கெல்லி, ஜெர்மானியரான வில்லியம் ஹீசர் போன்றவர்கள் நிலம் வாங்கி மனைகளாக விற்றார்கள். 1877-ல் ஊருக்கென்று ஒரு செய்தித்தாளும் வந்துவிட்டது. ஆகவே தேவாலயம் மில்லின் சொத்தாக இல்லாமல் சபையின் சொத்தாக இருந்தது. மில் பலமாக இருந்தவரை இந்த வேறுபாடு யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஃபோர்டு குடும்பம் 1870களில் ஓக்லண்டுக்குக் குடிபெயர்ந்தபோது லேசாகப் பட்டிருக்கலாம். மில் விழுந்தபோது அதுதான் எல்லாமாக இருந்தது.

மில் ஒரே நாளில் விழவில்லை. 1906 பூகம்பத்துக்குப் பிறகு சான் பிரான்சிஸ்கோவை மறுபடி கட்ட வேண்டியிருந்ததால் ரெட்வுட் கரை முழுவதும் இரவும் பகலும் அறுத்தார்கள். அந்தக் காலகட்டத்தில்தான் மென்டசினோ மில் ஃபோர்ட் பிராக்கின் யூனியன் லம்பர் கம்பெனியின் கைக்குப் போனது. அந்தக் கம்பெனிக்கு உள்நாட்டோடு இணைக்கும் ரயில்பாதை இருந்தது, பெரிய மில் இருந்தது. பாறையில் சறுக்கவிட்டுக் கப்பலேற்றும் மென்டசினோ இனி அதற்கு ஒரு கூடுதல் சுமை. பக்கத்துக் காடு தீர்ந்துகொண்டு வந்தது, பொருளாதாரப் பெருமந்தம் வந்தது, 1930களின் இறுதியில் மில் நின்றது. வேலை இருந்தவர்கள் ஃபோர்ட் பிராக்குக்குப் போனார்கள். மென்டசினோவில் வண்ணம் உரிந்த வீடுகளும் தண்ணீர்த் தொட்டிக் கோபுரங்களும் கொஞ்சம் முதியவர்களும் மிஞ்சினார்கள்.

மில் நின்றபின் வந்த இருபது ஆண்டுகள்தான் உண்மையான சோதனை. எந்தச் சிறு சபைக்கும் கட்டடம் வரமல்ல, செலவு. கூரை, வண்ணம், போதகர் சம்பளம் மூன்றும் நிற்காது. பல மில் ஊர்களில் இந்தக் கட்டத்தில் சபை கலைந்து, கட்டடம் வைக்கோல் போட்ட கொட்டகையாகி, ஒரு நாள் விழுந்துவிடும். மென்டசினோவில் மூப்பர்கள் இருந்தார்கள், உறுப்பினர்கள் இருந்தார்கள், பத்திரம் சபையிடம் இருந்தது, விற்கச் சொல்லும் கம்பெனி இல்லை. வறுமையும் ஒரு விதத்தில் காப்பாற்றியது என்று சொல்ல வேண்டும். பணம் இருந்த ஊர்கள் 1940களிலும் 50களிலும் பழைய மரக்கோயிலை இடித்து சிமென்ட்டில் கட்டிக்கொண்டன. இங்கே இடிக்கக் காசில்லை.

அப்புறம் ஓவியர்கள் வந்தார்கள். 1959-ல் மென்டசினோ கலை மையம் தொடங்கியது. மலிவான பழைய வீடுகளுக்காக வந்தவர்கள், 1960களின் இறுதியில் கடல்மேட்டில் மனை போட்டு விற்க முயற்சி நடந்தபோது எதிர்த்து நின்று, அந்த மேட்டை மாநிலப் பூங்காவாக்கினார்கள். 1971-ல் ஊரே தேசிய வரலாற்றுப் பட்டியலில் ஏறியது. தேவாலயம் அதற்குப் பின் சட்டத்தாலும் காக்கப்படும் பொருளாகிவிட்டது. பக்கத்திலுள்ள ப்ரெஸ்டன் ஹால் கச்சேரிகளுக்கும் கூட்டங்களுக்கும் பயன்படுகிறது. ஞாயிறு ஆராதனை தொடர்கிறது. பாப்டிஸ்டுகளின் சிவப்புக் கோயிலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, 1970களிலிருந்து அது இயற்கை உணவுப் பொருள் விற்கும் மளிகைக் கடை. சபை போனாலும் கட்டடம் பிழைத்தது என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம்.

ஃபோர்ட் பிராக்கின் பெரிய மில்லும் 2002-ல் மூடியது. அதே ஆண்டில் பிக் ரிவர் பள்ளத்தாக்கின் 7,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை ஓர் உள்ளூர் நில அறக்கட்டளை மரக் கம்பெனியிடமிருந்து வாங்கி மாநிலப் பூங்காவோடு சேர்த்தது. முன்பு வெட்டிய அடிமரங்களைச் சுற்றி ரெட்வுட் வட்டம் வட்டமாகத் துளிர்த்து வளர்ந்து நிற்கிறது. வேரிலிருந்தே திரும்ப முளைக்கும் ஊசியிலை மரங்கள் குறைவு, ரெட்வுட் அவற்றில் ஒன்று.

ஆலயத்தைப் பராமரிப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1868-ல் அறுத்த பலகை நூற்றுக்கணக்கான ஆண்டுகள் மெதுவாக வளர்ந்த மரத்தின் வயிரம், வளையங்கள் நெருக்கமானவை. வெட்டிய இடத்தில் வேகமாக வளர்ந்த இளமரத்தில் வெண்பகுதி அதிகம், அது அந்த அளவு உழைக்காது. பழங்காட்டில் மிஞ்சியிருப்பது ஏறத்தாழ 5 சதவீதம், அதில் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட பூங்காக்களுக்குள். இந்தக் கரையில் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் தச்சர்கள் அதனால் இடித்த கொட்டகைகள், பழைய பாலங்கள், தண்ணீர்த் தொட்டிகளிலிருந்து கழற்றிய பழைய பலகைகளைத் தேடி வாங்குகிறார்கள். புதுப் பலகையைவிட அதற்கு விலை அதிகம்.